வில்லும் கோலும்

அன்புள்ள மாப்ளே,

பொங்கலுக்கு வந்த உன் கடிதத்துக்கு ஆனியில் பதில் போடுகிறேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் அப்படியே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை தமிழையாவைப் பார்த்தேன். கட்டிலோடு கிடக்கிறார். காலைத் தொட்டேன். "வணக்கம்னா என்னடா?" என்றார், ஒன்பதாம் வகுப்பில் கேட்ட அதே குரலில்.

"மரியாதைங்கய்யா."

"அது பிற்பாடு. வணங்குன்னா வளை. வில்லும் வணங்கும்" என்று 827-ஆம் குறளைத் தொடங்கிவிட்டார்.

சொல்வணக்கம் ஒன்னார்கண் கொள்ளற்க வில்வணக்கம்
தீங்கு குறித்தமை யான்.

பகைவன் பணிந்து பேசினால் நம்பாதே, வில் வளைவது அம்பு விடத்தான். பிரம்புக்குப் பயந்து எத்தனை தடவை ஒப்பித்திருப்போம்! அடுத்த குறளை என்னைச் சொல்லச் சொன்னார். "தொழுதகை யுள்ளும் படையொடுங்கும்" வரை வந்தது, கும்பிடும் கைக்குள்ளும் ஆயுதம் ஒளிந்திருக்கும் என்பது. மேலே சொல்ல நா எழவில்லை. மறந்து போகவில்லை மாப்ளே.

அதற்கு இரண்டு நாள் முன்புதான் அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம். அண்ணன், அண்ணி காலில் விழுந்தேன். அட்சதை போட்டுவிட்டு அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் பையில் கிணற்றுப் பங்குக்கான வக்கீல் நோட்டீஸ். திங்கட்கிழமை அவர் பெயருக்குத் தபாலில் சேர்க்க வேண்டியது. கும்பிட்ட கைக்குள் என்ன இருந்தது, பார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உன் தாத்தா நினைவுதான். கடிதத்தின் தலையில் "தெண்டன் சமர்ப்பித்து" என்று எழுதுவாரே, நாம் தண்டச்சோறு என்று சிரிப்போமே, அந்தத் தெண்டன் என்பது தண்டம், அதாவது கோல்தானாம். பிடி விட்ட கோல் நெடுக விழுவதுபோல், உடம்பு முழுக்கத் தரையில் படும்படி விழுவது. வில் வளைந்தால் நாண் விட்ட நொடியில் நிமிர்ந்துவிடும். கோல் விழுந்தால் யாராவது எடுக்கும்வரை கிடக்கும். அண்ணன் முன்னால் நான் விழுந்தது கோலாக இல்லை.

நோட்டீஸ் பீரோவில் இருக்கிறது, அனுப்பவில்லை. கிணற்றில் என் பக்கம் நியாயம் உண்டு, அதை விடமாட்டேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தனியாகப் போனால் குரல் உயர்ந்துவிடும். ஆடிப்பெருக்குக்கு வா, உன் பேச்சை அவர் கேட்பார்.

ஐயா உன்னையும் விசாரித்தார். உனக்கு 'ழ' வந்துவிட்டதா என்று.

உன்,
ராமு