பனியில் ஓர் ஓடுதளம்

ஆசிரியருக்கு,

கொரியப் போர்க் கட்டுரையில் அமெரிக்க மரைன் (கடல்சார் காலாட்படை) டிவிஷனின் தளபதி ஜெனரல் ஆலிவர் ஸ்மித்தை ‘பின்வாங்கிய தளபதி’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். முப்பது வருடம் சாலைப் பணியில் இருந்தவன் நான். எனக்கு மனசு ஆறவில்லை.

1950 நவம்பரில், மேலிடம் ‘வேகமாகப் போ’ என்று விரட்டியபோதும், அவர் நிதானமாகவே நகர்ந்தார். வட கொரிய மலைப்பகுதியில் உள்ள ஹகாரு-ரி என்ற ஊரில் விமான ஓடுதளம் போடச் சொன்னார். இரும்பாய் இறுகிய மண். இரவில் விளக்கு வெளிச்சத்தில் வேலை. சீனப் படை பாய்ந்ததும், மரைன் பொறியாளர்கள் புல்டோசரிலிருந்து குதித்துச் சண்டையிட்டார்கள். அப்புறம்? மறுபடி புல்டோசர்தான்! அந்த ஓடுதளத்திலிருந்து 4,000-க்கும் அதிகமான காயம்பட்டோரும் பனிக்கடியில் விரல் மரத்தோரும் விமானமேறினார்கள்.

பின்வாங்கும் வழியில் தகர்ந்து கிடந்த பாலத்துக்காக 8 இரும்புத் துண்டுகளைப் பாராசூட்டில் இறக்கினார்களே, அதையும் விட்டுவிட்டீர்கள்.

— ஓய்வுபெற்ற பொறியாளர்