பாதி மரம், பாதி ஜெட்

ஹாட்ஃபீல்ட்,
இங்கிலாந்து.

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? முழங்காலுக்குப் புதிதாக வாங்கிய தைலம் கேட்கிறதா? போனில் பேசினால் சாப்பிட்டியா, தூங்கினியா என்பதிலேயே நேரம் போய்விடுகிறது. இது நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம், அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே இப்போது கடும் குளிர். சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடும். நைட் டியூட்டி முடிந்து வந்து தூங்கி எழுந்தால் அன்றைய வெளிச்சமே முடிந்திருக்கும். வீட்டில் என்னோடு இருக்கும் இரண்டு பெண்களும் கோட்டயத்துக்காரர்கள், வேறு வார்டில் நர்ஸ். ஆளுக்கொரு ஷிப்ட் என்பதால் சமையலறையில் பார்த்துக்கொள்வதோடு சரி. இந்த மாதங்களில் கைக்கு ஒரு வேலை இல்லாவிட்டால் மனசு ஊருக்கே ஓடிவிடும். அதனால் ஒரு விமானம் செய்தேன். டி ஹாவிலண்ட் வேம்பயர் என்ற பழைய போர் ஜெட்டின் மாதிரி, அசலில் 48-ல் ஒரு பங்கு அளவு. ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் கிட், அதாவது பாகம் பாகமாக வரும் பிளாஸ்டிக்கை நாமே ஒட்டிச் சேர்க்க வேண்டும்.

ஏன் இந்த விமானம் என்று கேட்பீர்கள். நான் குடியிருக்கும் ஊரே விமானம் செய்த ஊர். டி ஹாவிலண்ட் கம்பெனி 1930-களிலேயே இங்கே வந்துவிட்டது. 1990-களில் தொழிற்சாலை, ஓடுதளம் எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது வீடுகளும் ஆபீஸ்களும் யுனிவர்சிட்டியின் ஒரு பகுதியும் இருக்கின்றன. காமெட் வே, மொஸ்கிட்டோ வே என்று தெருக்களுக்கு மட்டும் விமானங்களின் பெயர். 1943 செப்டம்பர் 20-ஆம் தேதி வேம்பயர் முதன்முதலாகப் பறந்தது இந்த ஓடுதளத்திலிருந்துதான். ஓட்டியவர் கம்பெனியைத் தொடங்கியவரின் மகன், ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் ஜூனியர்.

ஜெட் என்றால் முழுக்க அலுமினியம் என்றுதானே நினைப்போம்? இதில் விமானி உட்காரும் முன்கூடு மரம், அப்பா! மேலும் கீழும் மெல்லிய பிளைவுட், நடுவில் பால்சா மரம். மூன்றையும் அச்சில் வைத்து வளைத்து ஒட்டியிருக்கிறார்கள். பால்சா நகத்தால் கீறினாலே பள்ளம் விழும் இலேசான மரம். ஆனால் இரண்டு பிளைவுட்டுக்கு நடுவே ஒட்டிவிட்டால் அந்தக் கூடு முறுக்கினாலும் கொடுக்காது. சிறகும் பின்னால் போகும் இரண்டு தண்டுகளும்தான் உலோகம்.

இந்த வித்தையை அவர்கள் மொஸ்கிட்டோ விமானத்தில் கற்றார்கள். பக்கத்தில் லண்டன் கோல்னியில் டி ஹாவிலண்ட் மியூசியம் இருக்கிறது. 1940 நவம்பரில் பறந்த முதல் மொஸ்கிட்டோவையே அங்கே பத்திரமாக வைத்திருக்கிறார்கள். போர்க்காலத்தில் உலோகத்துக்குத் தட்டுப்பாடு. மர வேலை தெரிந்தவர்களோ ஊரெல்லாம் இருந்தார்கள். நாற்காலி, பீரோ செய்துகொண்டிருந்த பட்டறைகள் விமானத்தின் பாகங்களைச் செய்து கொடுத்தன. முதலில் பாலிலிருந்து எடுக்கும் கேசீன் பசையைப் பயன்படுத்தினார்கள். அது ஈரத்துக்கு ஆகாது என்று பிறகு ரசாயனப் பசைக்கு மாறினார்கள். மியூசியத்தில் தொண்டு செய்யும் ஒரு பெரியவர் பிளைவுட், பால்சா, பிளைவுட் அடுக்கின் வெட்டுத்துண்டு ஒன்றை என் கையில் கொடுத்தார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்றுதான் முதலில் கேட்டிருப்பீர்கள். எங்கள் அப்பாவும் ஆசாரி என்றேன். அதன் பிறகு அவர் என்னை லேசில் விடவில்லை.

வால் எதற்கு இரண்டு தண்டில் நிற்கிறது என்பதையும் அவர்தான் விளக்கினார். அந்தக் காலத்து ஜெட் எஞ்சினுக்கு வலு குறைவு. புகை போகும் குழாய் நீண்டால் இருக்கிற வலுவும் அதற்குள்ளேயே வீணாகும். அதனால் குழாயைக் குட்டையாக வைத்து, வாலைத் தனியாக இரண்டு தண்டுகளில் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். முன்னால் காற்றாடி இல்லாததால் சக்கரத்துக்கும் உயரம் தேவையில்லை. தரையோடு தரையாக நிற்கும்.

சரி, செய்த கதைக்கு வருகிறேன். உடல் இரண்டு பாதியாக வரும். இதற்கான பசை ஃபெவிகால் மாதிரி கிடையாது, தண்ணீர் போல இருக்கும். இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்து, இணைப்பில் தூரிகை நுனியை வைத்தால் அதுவே இழுத்துக்கொண்டு நெடுக ஓடிவிடும். பிளாஸ்டிக்கையே இளக்கி ஒன்றாக்கிவிடுகிறது. மெல்ல அழுத்தினால் மயிரிழை அளவுக்கு ஒரு கோடு பிதுங்கும். அதை அப்போதே துடைக்கக் கூடாது. நன்றாக இறுகிய பிறகு உப்புத்தாள் போட்டால் இணைப்பு இருந்த இடமே தெரியாது. சிறகு சேரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் பட்டி பார்த்தேன். உடலை ஒட்டும் முன்பே மூக்குக்குள் சின்ன எஃகு குண்டுகளை வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் விமானம் முன்சக்கரத்தில் நிற்காது, வாலில் உட்கார்ந்துவிடும்.

தண்டுகளும் வால் பலகையும் சேரும் இடம்தான் உயிர். அங்கே நூலளவு கோணினாலும் முன்னாலிருந்து பார்க்கும்போது முழு விமானமும் கோணல். கதவு நிலை சேர்க்கும்போது நீங்கள் மூலைக்கு மூலை குறுக்கே அளந்து பார்ப்பீர்களே, அதையே செய்தேன். இரண்டு குறுக்களவும் ஒன்றாக வந்த பிறகுதான் பசை தொட்டேன். காயும் வரை ரப்பர் பேண்ட் போட்டு அசையாமல் வைத்திருந்தேன்.

வெள்ளிப் பெயின்ட் அடிக்க வீட்டு ஓனர் தோட்டத்து ஷெட்டைத் திறந்துவிட்டார். குளிரில் பெயின்ட் ஓடாது என்பதால் பாட்டிலை வெந்நீரில் நிறுத்தி வைத்து அடித்தேன். கண்ணாடி போல மின்னும் உலோகப் பெயின்ட் கடையில் கிடைக்கிறது. நான் அதை வாங்கவில்லை. அசல் விமானத்தில் மரத்தின் மேல் துணி ஒட்டி, அதன் மேல்தான் வெள்ளிப் பெயின்ட் அடித்தார்கள். மரம் எப்படி அலுமினியம் போல மின்னும்? மங்கலான வெள்ளிதான் சரி. வழவழப்பாக ஒரு வார்னிஷ், சின்னங்களைத் தண்ணீரில் நனைத்து நகர்த்தி ஒட்டியது, மேலே இன்னொரு வார்னிஷ், அவ்வளவுதான்.

நம் விமானப்படைக்கு 1948 நவம்பரில் வந்த முதல் ஜெட்டும் வேம்பயர்தான். பிறகு பெங்களூர் எச்.ஏ.எல்.லிலேயே செய்தார்கள். 1965 பாகிஸ்தான் போரில் காஷ்மீர் எல்லையில் உள்ள சம்ப் பகுதிக்கும் போனது. அப்போது அது பழசாகிப்போன விமானம். முதல் நாளே நான்கு வேம்பயர்களை இழந்தோம். பாகிஸ்தானின் சேபர் ஜெட்களுக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. நம் வட்டச் சின்னத்தையே போடலாமா என்று ரொம்ப யோசித்தேன். ஆனால் நம்மிடம் அதிகம் இருந்தது சிறகு முனையை வெட்டிக் குட்டையாக்கிய பிந்திய ரகம். இந்தக் கிட் அதற்கு முந்தைய நீளச் சிறகு ரகம். இதில் நம் சின்னத்தை ஒட்ட எனக்கு மனசு ஒப்பவில்லை. குட்டைச் சிறகு கிட் கிடைத்ததும் அதைக் கட்டாயம் செய்வேன்.

அப்பா, ஒரு வேலை வைக்கிறேன். பழைய கதவில் வெட்டிப்போட்ட பர்மா தேக்குத் துண்டு பட்டறையில் கிடந்தால் இதற்கு ஒரு கண்ணாடிப் பெட்டி செய்து வையுங்கள். சிறகு முனைக்கு முனை 10 அங்குலம், நீளம் 8 அங்குலத்துக்குக் கொஞ்சம் கம்மி, உயரம் இரண்டே கால். உள்ளளவு 12-க்கு 10, உயரம் 5 இருந்தால் தாராளம். சித்திரைத் திருவிழாவுக்கு லீவு கேட்டிருக்கிறேன், அப்போது விமானத்தைக் கையிலேயே எடுத்து வருகிறேன். கண்ணாடி மட்டும் நான் வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம். அம்மாவிடம் மிளகாய்ப்பொடி இன்னும் இருக்கிறது, இப்போதைக்கு அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்,
மீனா