பதினைந்து வெள்ளிக்காசும் ஒரு நாவலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரான்சின் ரிவர்ஸ் 1991-இல் எழுதிய ‘ரிடீமிங் லவ்’ (மீட்கும் அன்பு) என்ற அமெரிக்க நாவலைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான வாசகர் கடிதங்களைப் படித்தேன். நாவலைக் கொண்டாடியவர்களும் சரி, ஆலய நூலகத்தில் வைக்கத் தகாதது என்று கண்டித்தவர்களும் சரி, கதாநாயகனின் பொறுமையைப் பற்றியே பேசியிருந்தார்கள். செவ்வாய்பேட்டையில் எங்கள் தெருப் பெண்கள் சிலர் ஞாயிறு பிற்பகல்களில் கூடி அந்த நாவலை வாசித்து முடித்திருக்கிறோம். ஆங்கிலம் தெரிந்த ஒருவர் படித்துப் படித்துத் தமிழில் சொல்ல, மற்றவர்கள் வெங்காயம் உரித்துக்கொண்டோ பூக்கட்டிக்கொண்டோ கேட்டோம். எங்களுக்குப் பட்டது வேறு.

கதை நடப்பது 1850-களின் கலிபோர்னியாவில், தங்கம் தேடி ஆட்கள் குவிந்த காலத்தில். சிறுமியாக இருக்கும்போதே பாலியல் தொழிலுக்கு விற்கப்பட்ட ஏஞ்சல் என்பவளை, மைக்கேல் ஓசியா என்ற விவசாயி ஆண்டவரின் கட்டளை என்று நம்பி மணக்கிறான். அவள் ஓடிப்போகிறாள்; அவன் தேடிச் சென்று அழைத்து வருகிறான். வேதாகமத்தில் ஓசியா தீர்க்கதரிசி ஆண்டவர் சொற்படி கோமேர் என்ற சோரம்போன பெண்ணை மணந்த வரலாறுதான் இதற்கு மூலம் என்பதை அவன் பெயரே சொல்லிவிடுகிறது.

ஓசியா ஆகமத்தின் மூன்றாம் அதிகாரத்தில் தீர்க்கதரிசி அவளைப் பதினைந்து வெள்ளிக்காசும் ஒன்றரைக்கலம் வாற்கோதுமையும் கொடுத்து வாங்குகிறார். காசு என்பது மொழிபெயர்த்தவர்கள் போட்ட சொல். கிறிஸ்துவுக்கு முன் எட்டாம் நூற்றாண்டில் நாணயம் ஏது? வெள்ளியை நிறுத்துத்தான் கொடுத்திருப்பார்கள். சேக்கல் என்ற அக்கால எடைக்கணக்கில் பதினைந்து என்றால் ஏறத்தாழ 170 கிராம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கொலுசுப் பட்டறை என்பதால், கனமான கல்யாணக் கொலுசு ஒரு ஜோடியின் எடை அது என்று எனக்கு உடனே தோன்றியது. யாத்திராகமத்தில் மாடு முட்டி இறந்த அடிமைக்கு ஈடாக முப்பது சேக்கல் குறித்திருக்கிறது. இவளுக்கு அதில் பாதி வெள்ளி, மீதிக்குத் தானியம். இவ்வளவு விவரம் சொல்லும் அந்த ஆகமத்தின் பதினான்கு அதிகாரங்களிலும் கோமேர் நேரடியாக ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை.

மீட்பு என்ற சொல்லை ஆலயத்தில் கேட்பதற்கு முன்பே அடகுக் கடையில் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அசலும் வட்டியும் கட்டிச் சீட்டை நீட்டினால், எண் எழுதிய துணிப்பையைப் பிரித்து நகையைத் தராசில் வைப்பார்கள். எடையைச் சரிபார்த்து மடியில் முடிந்துகொண்டு வருவோம். மீட்டவர் வீட்டுப் பெட்டிக்குள் அது பேசாமல் போய்க் கிடக்கும். நாவலின் முற்பாதியில் ஏஞ்சலும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறாள். அடிபட்டு அரைநினைவில் கிடப்பவளிடம் வாங்கிய சம்மதத்தை வைத்துத்தான் மைக்கேல் அவளுக்குத் தாலி கட்டாத குறையாக மோதிரம் போட்டு வண்டியில் ஏற்றிப் போகிறான். மாரா, அமாண்டா, திர்சா என்று அவள் கேட்காத பெயர்களையெல்லாம் சூட்டுகிறான். நல்லெண்ணத்தோடுதான் செய்கிறான், ஆனாலும் பெயர் வைப்பவன் அவனாகவே இருக்கிறான்.

கடைசி முறை அவள் வெளியேறும்போதுதான் கதை மாறுகிறது. திரும்பிப் போகப் பழைய தொழில் இருந்தும் அதிலே நிலைக்காமல், தன்னைப் போன்ற பெண்களுக்கு ஒரு புகலிடம் நடத்தி, மூன்று ஆண்டுகள் தன் காலில் நின்று, பிறகு யாரும் இழுத்து வராமல் தானே திரும்பி வருகிறாள். வந்து, சாரா என்ற தன் உண்மையான பெயரை அப்போதுதான் அவனிடம் சொல்கிறாள். கடிதம் எழுதிய ஒருவர்கூட இந்த மூன்று ஆண்டுகளைக் குறிப்பிடாதது எனக்கு வியப்பாக இருந்தது. மீட்பு என்பது அந்த இடத்தில்தான் நகைக் கணக்கை விட்டு மனுஷிக் கணக்குக்கு வருகிறது.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் பெண்கள் கூட்டம் ஒன்றில் பேச வந்தவர் இதே கதையைச் சொல்லி, ஆகவே மனைவிமார் குடிகாரக் கணவன்மாரைச் சகித்துக்கொள்ள வேண்டும் என்று முடித்தார். முன் வரிசையில் கன்றிய கண்ணோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். குறிப்பேட்டில் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். கதையில் சகித்துக்கொள்பவன் கணவன். பிரசங்கத்தில் அது எப்படியோ பெண்ணின் தலையில் வந்து விடிகிறது.

ஏஞ்சலை இருட்டோடு எழுப்பிக் குன்றின்மேல் நடத்திச் சென்று, சூரியன் உதிப்பதைக் காட்டி, இந்த வாழ்வைத்தான் உனக்குத் தர விரும்புகிறேன் என்று மைக்கேல் சொல்லும் இடம் பலருக்கும் பிடித்தது. எங்கள் கூட்டத்தில் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் ஆயுள் முழுக்க வேலை பார்த்துவிட்டு மகளோடு வந்து இருக்கும் அக்கா ஒருவர் மட்டும் அசையவில்லை. “வெடியறத நாங்க வேலைக்குப் போறப்ப தெனமும் பாத்தமே கண்ணு, அதுக்காக வூட்டுக்காரன் கை ஓங்காம இருந்தானா?” என்றார். அன்று மேற்கொண்டு படிக்க முடியவில்லை, அவ்வளவு சிரிப்பு.

நூலகத்தில் வைக்கலாகாது என்பவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பொதுச் சந்தைக்கு வந்த முதற்பதிப்பை ஆசிரியரே திருத்தி, கிறிஸ்தவப் பதிப்பகம் வழியாக 1997-இல் மறுபடி வெளியிட்டார். அதிலும் கூச்சப்பட இடம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஓசியாவின் இரண்டாம் அதிகாரத்தைக் குடும்ப ஜெபத்தில் உரக்க வாசித்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் கூச்சம் புதிதாக இருக்காது.

வரும் மாதம் நாவலை மூடிவைத்துவிட்டு ஓசியாவின் பதினான்கு அதிகாரங்களையும் வாசிக்க இருக்கிறோம். கோமேர் என்ன சொல்லியிருப்பாள் என்று ஆளுக்கொரு பக்கம் எழுதிவர வேண்டும் என்பது ஏற்பாடு. எழுதத் தெரியாத அந்த ஏற்காட்டு அக்கா தாம் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
செவ்வாய்பேட்டை, சேலம்.