வால்வுக்கு ஒரு பதில்

அன்புள்ள வால்வு,

உன் கடிதம் வந்து ஏழு மாதம் ஆகிறது. சாக்குச் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் நீ நம்பமாட்டாய். எல்லோரும் நலம். டெண்டரில் கையெழுத்துப் போடுகிற நம் ‘தாடி’ அதே தாடியோடுதான், பிடிவாதமும் அதேதான். மற்ற சேதியெல்லாம் அடுத்த கடிதத்தில்.

கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தாயே: “சோலார்தான் மலிவாகிவிட்டதே, இனி லாபமே அதை இழுத்துக்கொண்டு போய்விடும், நாம் எதற்குக் கவலைப்பட வேண்டும்?” பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி ஏழு மாதமாக அது உறுத்துகிறது. இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

மலிவு வாங்குகிறவனுக்கு. முதல் போடுகிறவனுக்கு விற்ற விலையில் அடக்கம் போக என்ன மிஞ்சுகிறது என்பதுதான் கணக்கு. மின்சாரத்தின் மொத்த விற்பனைச் சந்தையில் குறைந்த விலை கேட்கும் மின்நிலையத்திலிருந்து வரிசையாக எடுப்பார்கள்; தேவை எங்கே நிரம்புகிறதோ, அங்கே நிற்கிற கடைசி நிலையத்தின் விலைதான் எல்லோருக்கும். சோலாருக்கு எரிபொருள் செலவு கிடையாது, பூஜ்யத்துக்கே விற்கத் தயார். ஆனால் பேனல்கள் எல்லாம் ஒரே நண்பகலில் ஒன்றாக விளைகின்றன. கடைசி நிலையமும் சோலாராகிவிட்டால் விலை பூஜ்யம், சில வேளை அதற்கும் கீழே. ஜெர்மனியில் விலை மைனஸுக்குப் போவது இப்போது செய்தியே இல்லை. கலிபோர்னியாவில் வசந்த காலத்து மதியங்களில் உற்பத்தியைக் குறைக்கச் சொல்கிறார்கள். முதல் சோலார் பண்ணை நன்றாகச் சம்பாதிக்கும். பத்தாவது வரும்போது தன் வருமானத்தோடு முந்தைய ஒன்பதின் வருமானத்தையும் குறைத்துவிடும். நிலக்கரி முழுக்க வெளியேறுவதற்கு வெகு முன்பே முதலாளி கையைக் கட்டிக்கொள்வான்.

பேட்டரி வைக்கலாமே என்பாய். மதிய விலைக்கும் மாலை விலைக்கும் உள்ள இடைவெளியில்தான் பேட்டரிக்குப் பிழைப்பு. பேட்டரி பெருகினால் அந்த இடைவெளியும் சுருங்கும்.

இன்னொன்று வட்டி. சோலாரில் செலவெல்லாம் முதல் நாளே விழுந்துவிடும். 100 போட்டால், 25 வருடத்தில் 4 சதவீதத்தில் திருப்ப வருடத்துக்கு 6.4 வேண்டும்; 10 சதவீதம் எதிர்பார்த்தால் 11. பேனலும் வெயிலும் மாறவில்லை, யூனிட் அடக்கம் மட்டும் எழுபது சதவீதத்துக்கு மேல் ஏறிவிட்டது. எரிவாயு நிலையத்துக்கு விலை விழும் பயம் குறைவு. பல சந்தைகளில் விலையை நிர்ணயிக்கிற கடைசி நிலையம் அதுதான். எரிவாயு விலை ஏறினால் மின்விலையும் கூடவே ஏறி அதைக் காப்பாற்றிவிடும்.

தொழிற்சாலைகளுக்குள் நடந்த போட்டிதானே பேனல் விலையை இறக்கியது என்று தாடி குறுக்கிடுவார். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தொழிற்சாலைகளுக்கு ஆர்டர் எங்கிருந்து வந்தது? 2000-இல் ஜெர்மனி போட்ட சட்டம், பொது மின்வலைக்குக் கொடுக்கும் ஒவ்வொரு சோலார் யூனிட்டுக்கும் 20 வருடம் நிலையான விலை கொடுத்தது. விலை விழும் ஆபத்தைச் சட்டம் சுமந்ததால்தான் பணம் தைரியமாக வந்தது.

சரி, உன் வேலைக்குள் வருகிறேன். பம்ப்!

ஒரே அளவு தண்ணீருக்கு, குழாயில் உராய்வு இழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதம். (சிரிக்காதே, ‘ஐந்தாம் அடுக்கு’ என்ற பெயர் எனக்கு ஏன் வந்தது என்று எனக்கும் தெரியும்.) 100 மில்லிமீட்டருக்குப் பதில் 125 போட்டால் இழப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆனால் குழாய் வாங்குகிறவர் ஒப்பந்தக்காரர், மின்கட்டணம் கட்டுகிறவர் வேறொருவர். குறைந்த விலைக்குத்தான் டெண்டர் என்றால் 125 போடுகிறவர் அன்றைக்கே தோற்பார். அப்புறம் வரிசையாக ‘பாதுகாப்பு’ சேர்கிறது: வடிவமைப்பாளர் ஹெட்டில் (பம்ப் தண்ணீரை ஏற்ற வேண்டிய உயரக் கணக்கில்) பதினைந்து சதவீதம் கூட்டுவார், ஒப்பந்தக்காரர் பத்து, விற்பவர் பட்டியலில் அடுத்த பெரிய மாடல். பம்ப் குறைவாக இறைத்தால் அவர்கள் தலை உருளும். கூடுதலாக மின்சாரம் குடித்தால் யார் கேட்கப் போகிறார்கள்? கடைசியில் நீ வந்து வால்வைப் பாதி மூடுவாய். அதனால்தான் உனக்கு வால்வு என்று பெயர்!

பம்பின் வேகத்தைக் குறைத்தால், 80 சதவீத ஓட்டத்துக்குப் பாதி மின்சாரம் போதும் என்று டிரைவ் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) விற்பவர் சொல்வார்; மின்சாரம் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறையும் என்பது அவர் கணக்கு. தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும், உராய்வு மட்டுமே இருக்கிற குழாய் வளையத்தில் அது சரி. உயரத்துக்கு ஏற்றும் இடத்தில் அந்த மும்மடி விதி எடுபடாது. வேகம் ஓர் எல்லைக்குக் கீழே போனால் பம்ப் சுற்றும், தண்ணீர் ஏறாது, உள்ளேயே சூடாகும். தேவை வருடம் முழுக்க மாறாது என்றால் இம்பெல்லரை (பம்புக்குள் சுழலும் சக்கரத்தை) கழற்றி லேத்தில் கொஞ்சம் கடைந்து சிறிதாக்கினாலே போதும். பம்ப் கம்பெனியின் வரைபடத்திலேயே அந்த விட்டத்துக்கான கோடு இருக்கும். ஒரேயடியாகக் கடையாதே, திறன் விழும். கொஞ்சம் எடுத்து, ஓட்டி, அளந்து, தேவைப்பட்டால் மறுபடி. இதை ஏன் யாரும் பரிந்துரைப்பதில்லை? விற்க அதில் சரக்கே இல்லை, லேத் கூலிதான்.

விளக்குக் கதை உனக்குத் தெரியும். 1924-இல் ஜெனீவாவில் ஆஸ்ராம், பிலிப்ஸ் முதலான கம்பெனிகள் கூடி, பல்பின் ஆயுளை 1000 மணி நேரமாக்கி, அதற்கு மேல் எரியும் பல்பு செய்த தொழிற்சாலைக்கு அபராதம் போட்டார்கள். நியாயமாகச் சொன்னால், பல்பின் இழை சூடாக எரிந்தால் ஒரு வாட்டுக்கு வெளிச்சம் கூடும், ஆயுள் குறையும். அந்தச் சமரசத்தில் பொறியியலும் உண்டு. எல்இடிக்கு அந்தச் சாக்கும் கிடையாது. ஒளி தரும் சில்லுகளின் எண்ணிக்கையைக் கூட்டி ஒவ்வொன்றிலும் மின்னோட்டத்தைக் குறைத்தால் ஆயுளும் கூடும், திறனும் கூடும். 2016-இல் துபாய் நகராட்சி கேட்டதற்காக பிலிப்ஸ் வாட்டுக்கு 200 லூமன் வெளிச்சம் தரும் பல்பு செய்து கொடுத்தது. மற்றவர்களுக்கு வழக்கம்போல, சில்லு கம்மி, சூடு ஜாஸ்தி. சில்லுகளுக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவரில் இருக்கிற மின்தேக்கி பத்து டிகிரி ஏறினால் ஆயுளில் பாதியை இழக்கும். பெரும்பாலும் முதலில் சாவது அதுதான், சில்லு அல்ல.

பழைய பேனல் கதையும் இதே ஜாதி. அலுமினியச் சட்டத்தையும் கேபிளையும் கழற்றுவார்கள், லாபம். கண்ணாடியை நொறுக்குவார்கள், கொஞ்சம் காசு. உள்ளே இருக்கிற வெள்ளியை எடுக்க, ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலத்தைச் சூட்டாலோ ரசாயனத்தாலோ பிரிக்க வேண்டும். செலவு அதிகம், ஆகவே குப்பைக்கு.

இதையெல்லாம் எழுதிவிட்டு உன்னிடம் ஒன்று கேட்கிறேன், விளையாட்டில்லை. டிரான்ஸ்பார்மர் வாங்கும்போது மின்இழப்பின் செலவை விலையோடு கூட்டி ஒப்பிடுகிறோமே, உன் அடுத்த பம்ப் டெண்டரிலும் அதைப் போடு. வேலை செய்யும் புள்ளியில் எத்தனை கிலோவாட் என்று விற்பவர் உறுதி கொடுக்கட்டும். வருடத்துக்கு 8,000 மணி நேரம், 10 வருடம்: கூடுதலாகக் குடிக்கும் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 80,000 யூனிட்டின் விலையை அவர் டெண்டர் விலையோடு சேர். சோதனை மேடையில் நீயே நின்று மீட்டரைப் பார். மீறினால் பிடித்தம் என்று எழுதி வை. தாடி கையெழுத்துப் போடமாட்டேன் என்பார். அவரிடம் கடைசி வருட மின்கட்டணத்தையும் பம்பின் கொள்முதல் விலையையும் ஒரே தாளில் எழுதிக் காட்டு.

உன் பம்பின் வரைபடத்தில் எந்த இம்பெல்லர் விட்டத்துக்குக் கோடு இருக்கிறது என்று பார்த்து எழுது. ஏழு மாதம் எடுத்துக்கொள்ளாதே, அது என் உரிமை.

உன்,
ஐந்தாம் அடுக்கு