அணியின் பெயர் போதுமா? தமிழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத் தமிழாசிரியர்களுக்கு,

வணக்கம். பாலக்கோட்டிலிருந்து எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் போன வாரம் வகுப்புத் தேர்வுத் தாளைக் காட்டினாள். நம் தகடூர் (இன்றைய தருமபுரி) மன்னன் அதியமானைப் பற்றி ஔவையார் பாடிய புறநானூற்றின் 87-ஆம் பாட்டு வந்திருந்தது. ‘பயின்று வந்துள்ள அணி யாது?’ என்று கேள்வி. ‘உவமை அணி’ என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள். சரி, ஔவையார் ஏன் அந்த உவமையைச் சொன்னார் என்று கேட்டேன். “அதெல்லாம் கேக்க மாட்டாங்கம்மா” என்றாள்.

நாலே வரிப் பாட்டு. ஒரு நாளைக்கு எட்டுத் தேர் செய்கிற தச்சன், ஒரு மாதம் உட்கார்ந்து ஒரே ஒரு சக்கரம் செய்தால் எப்படி இருக்கும்? எங்கள் வீரன் அப்படிப்பட்டவன், களத்துக்கு வராதீர்கள் என்று பகைவரை எச்சரிக்கிறார்.

என் அப்பா மாட்டுவண்டிச் சக்கரம் செய்தவர். அவருக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “சக்கரத்து நடுக் குடத்துல ஆரக்கால் இறங்குற இடத்துல நூல்கூடப் போகாது. பாரம் ஏத்தி மேட்டுல விட்டாலும் முனகாது” என்றார். அதியமான் யாரென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. புலி என்று பாடியிருந்தால் ஒரு கோபக்காரன் கிடைத்திருப்பான். இங்கே கிடைப்பவன் அவசரமில்லாமல் இழைத்து இழைத்துச் செய்யப்பட்டவன், எந்தப் பாரத்துக்கும் பிரிந்துபோகாதவன்.

94-ஆம் பாட்டில் அவனே யானை. நீர்த்துறையில் ஊர்ப் பிள்ளைகள் தந்தத்தைக் கழுவ இடம் கொடுக்கிறது. மதம் பிடித்தால் யாரும் கிட்டே போக முடியாது. யானைக்குப் பயந்து ராகிக் கொல்லைக்கு ராத்திரிக் காவல் போடும் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். அவர்களைப் பேசவிடுங்கள்.

அடுத்த பாட்டில் ஔவையார் அதியமானுக்காக, பகை மன்னன் தொண்டைமானிடம் தூது போகிறார். உங்கள் படைக்கலங்கள் மயில்பீலி சூடி, நெய் பூசி அழகாக இருக்கின்றன, எங்களுடையவை நுனி உடைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். வஞ்சப்புகழ்ச்சி அணி என்று எழுதிவிடலாம். அடுத்தவன் ஆயுதக் கொட்டிலில் நின்று, புகழ்வதுபோலவே ‘உனக்குப் போர்ப் பழக்கம் இல்லை’ என்று சொல்லிவிட்ட அந்தப் பெண்ணின் துணிச்சலை எந்த விடைத்தாளில் எழுதுவது?

அணியின் பெயருக்கு ஒரு மதிப்பெண் இருக்கட்டும். கூடவே, ‘சக்கரத்துக்குப் பதில் புலி என்றிருந்தால் அதியமான் எப்படி மாறியிருப்பான்?’ என்றும் கேளுங்கள். நோட்ஸில் விடை இருக்காது, பிள்ளைகள் பாட்டை இன்னொரு முறை படித்தாக வேண்டும். அப்பாவின் பட்டறையில் பழைய குடம் ஒன்றும் நாலைந்து ஆரக்காலும் இன்னும் கிடக்கின்றன. வகுப்பைக் கூட்டி வாருங்கள், அவரே பொருத்திக் காட்டுவார்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் அம்மா