பழைய எம்ஜிபிக்கு அந்தக் காலத்து மாற்றம் விலை சேர்க்குமா?

கோயமுத்தூர்

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ பார்த்து வெச்சிருக்கிற 1966 எம்ஜிபி ரோட்ஸ்டரின் (கூரை திறந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) படங்களும், விற்கிறவர் எழுதின குறிப்பும் வந்து சேர்ந்தது. வெபர் கார்புரேட்டர், மினிலைட் வீல் எல்லாம் அந்தக் காலத்து மாற்றம், அதனால விலை கூடன்னு சொல்றார். அதை அப்படியே எடுத்துக்காதே. அந்தக் காலத்துலயே செஞ்சது வேற. அந்தக் காலத்து மாதிரி இப்போ செஞ்சது வேற. முதல் வகைக்குக் காகிதம் இருந்தா விலை ஏறும். ரெண்டாவது வகையில, கழட்டின ஒரிஜினல் சாமானும் கூடவே வந்தா விலை கெடாது, அவ்வளவுதான். போட்ட காசு முழுசாத் திரும்பி வராது.

அந்தியூர்ச் சந்தையில குதிரைக்குச் சுழி பார்க்கிற மாதிரி, இதுக்கு முதல்ல நம்பரைப் பாரு. அந்த வருஷத்து ரோட்ஸ்டரின் சேசிஸ் நம்பர் ஜிஹெச்என்3 என்று தொடங்கணும். எஞ்சின் நம்பர் 18ஜிபி என்று தொடங்கினா கிராங்க் ஷாஃப்டை அஞ்சு பேரிங் தாங்குற எஞ்சின், அதுதான் சரி. 18ஜி, 18ஜிஏ என்றால் முந்தின மூணு பேரிங் எஞ்சினைக் கொண்டுவந்து வெச்சிருக்காங்க. கேய்டனில் இருக்கிற பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் ஹெரிடேஜ் சான்றிதழ் வாங்கலாம். வண்டி கட்டின தேதி, நிறம், எஞ்சின் நம்பர், ஃபேக்டரியிலேயே போட்ட எக்ஸ்ட்ரா எல்லாம் அதில் இருக்கும். வயர் வீலும் (கம்பி ஆரம் போட்ட வீல்) ஓவர்டிரைவும் (எஞ்சின் சுத்தைக் குறைக்கிற கூடுதல் கியர்) அதில் இருந்தா அதுக்கு மாற்றம்னு பேரே இல்லை, அந்த வண்டியோட பிறப்பு அது. அதுக்குத் தாராளமா விலை கொடுக்கலாம். ஓவர்டிரைவ் பின்னாடி போட்டதா இருந்தாலும் வாங்குறவங்க விரும்புவாங்க. 70 மைல் வேகத்துல சுமார் 3,900 சுத்து ஓடுற எஞ்சின் 3,100க்கு இறங்கிடும். ஆனா அதைத் தனியா மாட்ட முடியாது, மெயின்ஷாஃப்ட் நீளம் வேற. கியர் பாக்ஸையே மாத்தியிருக்கணும். மூணாவது, நாலாவது கியர்ல ரெண்டுலயும் பிடிக்குதான்னு ஓட்டிப் பாரு.

இனி வெபர். எம்ஜியோட ஆபிங்டன் ஃபேக்டரியிலேயே ஸ்பெஷல் டியூனிங்னு ஒரு பிரிவு இருந்தது, பந்தயக்காரங்களுக்கு ஒத்தை 45 டிசிஓஇ (வெபரில் ஒரு மாடல்) போட்டுக்கொடுத்த காலம் அது. அதனால வகை சரிதான். ஆனா கார்புரேட்டரைக் கையில பிடிச்சுப் பாரு. பழசு இத்தாலியில் செஞ்சது. 152 என்று குத்தியிருந்தா ஸ்பெயினில் பிற்பாடு செஞ்சது. ஓட்டத்துல குறை இல்லை, ஆனா ‘அந்தக் காலத்து’ன்னு சொல்லி விலை கேட்க முடியாது. ஸ்டாண்டர்டு கேம்ஷாஃப்டோட 45 போட்டா கீழ் வேகத்துல மிதிச்சதும் ஒரு கணம் செத்து எந்திரிக்கும். சோக், ஜெட் பார்க்காம மாட்டினா அப்படித்தான். மேனிஃபோல்டுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவுல ரப்பர் ஓ-ரிங் கொஞ்சம் அசையணும். நட்டை முறுக்கி நசுக்கிட்டா எஞ்சின் அதிர்வுல ஃப்ளோட் சேம்பர்ல பெட்ரோல் நுரைச்சு மிஸ்ஸிங் வரும். ரொம்ப முக்கியமானது இன்னொன்னு: கார்புரேட்டரின் காத்துக் குழாய்க்கு இடம் போதலைன்னு உள் விங்கை (எஞ்சின் பக்கத்துத் தகரம்) தட்டியோ வெட்டியோ இருக்காங்களான்னு பாரு. தகரத்தை வெட்டின மாற்றத்தைத் திரும்ப எடுக்க முடியாது, அங்கேதான் விலை இறங்குது. கழட்டின ஒரிஜினல் கார்புரேட்டர் ஜோடி எஸ்யூ எச்எஸ்4, அதோட மேனிஃபோல்டு, ஹீட் ஷீல்டு, ஏர் கிளீனர் ரெண்டு, லிங்கேஜ் எல்லாம் டப்பாவுல கிடைக்குமான்னு கேளு. இல்லைன்னா அதைத் தேடி வாங்குற காசை விலையில கழிச்சுக்க.

மினிலைட்டில் அசல் மெக்னீசியம். இன்னைக்கு விற்கிறது அநேகமா அலுமினிய வார்ப்பு. அசலா இருந்தா வீலுக்குத் தனியா மதிப்பு உண்டு, ஆனா அத்தனை வயசான மெக்னீசியத்தை டை பெனட்ரன்ட் சாயம் போட்டு விரிசல் பார்க்காம ரோட்டுல ஓட்டாதே. சான்றிதழில் வயர் வீல்னு இருந்து, இப்போ நட்டு போட்ட வீல் இருந்தா, பின் ஆக்சிலை மாத்திட்டாங்களான்னு பாரு. வயர் வீல் ஆக்சில் அகலம் குறைவு.

வி8 (எட்டு சிலிண்டர் எஞ்சின்) போட்ட எம்ஜிபியும் கண்ணுல படும். 1973–76ல் ஃபேக்டரி செஞ்ச ஜிடி வி8க்கும், அதுக்கு முன்னாடியே கென் காஸ்டெல்லோங்கிறவர் வி8 ஏத்தி மாத்திக் கொடுத்த வண்டிகளுக்கும் ஆதாரத்தோட நல்ல மதிப்பு. நேத்து எவரோ பட்டறையில ஏத்தினதுக்கு அந்த மதிப்பு இல்லை. பிற்பாடு வந்த ரப்பர் பம்பர் வண்டிக்கு, பழசு மாதிரி க்ரோம் பம்பர் மாட்டினதும் அப்படித்தான்.

சட்டமும் இதுல வருது. அங்கே பிரிட்டனில் 40 வருஷம் தாண்டின காருக்கு எம்ஓடி (வருஷாவருஷம் பண்ற வண்டிச் சோதனை) விலக்கு இருக்கு. கடந்த 30 வருஷத்துக்குள்ள முக்கியப் பாகங்கள்ல பெரிய மாற்றம் செஞ்சிருந்தா அது கிடைக்காது. அந்த மாடல் உற்பத்தியில இருந்தப்பவோ, நின்னு 10 வருஷத்துக்குள்ளயோ செஞ்சுகிட்டிருந்த வகை மாற்றம்னு காட்டினா, அது அந்தக் கணக்குல சேராது. எம்ஜிபி 1980ல நின்னுது, ஆக 1990 வரை. நம்ம நாட்டுல 2021ல வந்த விதி இன்னும் கறார்: 50 வருஷம் தாண்டினாலும் சேசிஸ், பாடி, எஞ்சின் மாத்தியிருந்தா பழங்கால வண்டிக்குத் தர்ற ‘விஏ’ வரிசை நம்பர் கிடையாது.

இதையெல்லாம் விட ‘சில்’ தகரத்துக்குத்தான் (கதவுக்குக் கீழே நீளமா ஓடுற பகுதி) பெரிய காசு போகும். இதுக்குத் தனி சேசிஸ் இல்லை, பாடிதான் எல்லாம். முன் விங் கீழ்ப்பக்கமும் சில்லும் காந்தம் ஒட்டுதான்னு பாரு, ஒட்டலைன்னா தகரம் போன இடத்துல பட்டி பூசியிருக்காங்க. ஜாக் பாயிண்ட்ல தூக்கி, கதவு இடுக்கு மாறுதான்னு கவனி. மாறினா வெபரும் வேண்டாம், வண்டியும் வேண்டாம்.

விற்கிறவர்கிட்ட முதல்ல கேட்க வேண்டியது: வெபரும் வீலும் வாங்கின பில், அதுல தேதி, பழைய பந்தயப் போட்டோவோ லாக் புக்கோ இருந்தா நகல், கழட்டின சாமான் பட்டியல். எதுவும் இல்லைன்னா, மாற்றமே இல்லாத அதே வருஷத்து வண்டி என்ன விலைக்குப் போகுதோ அதுக்கு மேல ஒரு பவுண்டும் பேசாதே. சேசிஸ் நம்பர் தகட்டையும் எஞ்சின் நம்பர் தகட்டையும் கிட்டத்துல படம் எடுத்து அனுப்பு கண்ணு, நானும் பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா