ஊக்கத்தொகை சரி, ஈர நெல்லை எங்கே காயவைப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நெல் ஊக்கத்தொகையை இன்னும் கூட்ட வேண்டும் என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். காவிரி டெல்டாவில் குறுவை என்கிற குறுகிய கால நெல் போடுகிறவன் என்ற முறையில் எனக்கு அதைவிட அவசரமான கோரிக்கை ஒன்று இருக்கிறது.

முதலில் அரசு செய்ததைச் சொல்லிவிடுகிறேன். 2020ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது, 2021லிருந்து வேளாண்மைக்குத் தனி பட்ஜெட் போடுகிறார்கள். அக்டோபர் 1ல் தொடங்க வேண்டிய கொள்முதலை மத்திய அரசிடம் கேட்டு வாங்கி செப்டம்பர் 1க்கே கொண்டுவந்தது குறுவைக்காரர்களுக்கு உண்மையிலேயே பெரிய உதவி. விலையும் அப்படித்தான். 2025-26க்கு சன்னரகத்துக்கு மத்திய அரசின் ஆதார விலை குவிண்டாலுக்கு 2,389 ரூபாய், மாநில அரசு அதன்மேல் 156 ரூபாய் போட்டு 2,545 ஆக்கியது. 40 கிலோ மூட்டைக்குக் கணக்குப் போட்டால் ஊக்கத்தொகை 62 ரூபாய் சொச்சம். வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை.

ஆனால் அந்த 62 ரூபாய் வீடு வந்து சேருவதில்லை, கொள்முதல் நிலையத்து வாசலிலேயே கரைந்துபோகிறது. காரணம், 17 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இருந்தால் நெல்லை எடுக்கக் கூடாது என்ற விதி. அரிவாளால் அறுத்த காலத்தில் அரி வயலிலேயே கிடந்து வெயில் பட்டு, அப்புறம்தான் கட்டாகிக் களத்துக்கு வரும், அடித்துத் தூற்றும்போது நெல் பாதி காய்ந்திருக்கும். இப்போது பெல்ட் வண்டி என்கிற அறுவடை இயந்திரம் வயலில் இறங்கினால் நின்ற கதிர் அரை மணியில் நெல்லாக டிராக்டரில் கொட்டிவிடுகிறது, மழைக்காலமானால் இருபதுக்கு மேல்தான் ஈரம் இருக்கும். அறுவடை இயந்திரத்துக்கு மாறிவிட்டது, விதி மட்டும் களத்துமேட்டிலேயே நிற்கிறது.

ஜூன் 12ல் மேட்டூர் திறந்து நட்ட பயிர் செப்டம்பர் கடைசி, அக்டோபரில் அறுப்புக்கு வரும், வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் வரும். இது யாருக்கும் தெரியாத ரகசியமில்லை. இருந்தும் எங்கள் பக்கத்து நிலையத்தில் போன குறுவைக்கு நடந்தது இதுதான்: பட்டியல் எழுத்தர் ஒரு கைப்பிடி நெல்லை மீட்டரில் போட்டார், 20 காட்டியது, "காயவெச்சுக் கொண்டாங்க" என்றார். எங்கே காயவைப்பது? களம் ஏற்கனவே அம்பாரம் அம்பாரமாக நிரம்பிக் கிடக்கிறது, எடுத்த மூட்டைகளை ஏற்ற லாரி வராததால் உள்ளேயும் இடமில்லை. ரோட்டில் பாதியை அடைத்து, வண்டி ஏறாமல் இருக்க ஓரமாகக் கருங்கல் வைத்து, பரப்புவதும், மேகம் கறுத்தால் அள்ளித் தார்ப்பாய் போடுவதும், மறுபடி பரப்புவதுமாக ஆள்கூலியிலேயே பணம் போனது. இரண்டு மழை நனைந்தால் அடி நெல் முளைவிட்டுவிடும், அதை அரசும் எடுக்காது, வியாபாரி கேட்கிற விலையை வாயால் சொல்ல முடியாது.

ஒவ்வொரு முறையும் மாநிலம் தளர்வு கேட்டு டெல்லிக்கு எழுதுகிறது, மத்தியக் குழு வந்து நெல்லை அள்ளிப் பார்த்துவிட்டுப் போகிறது. 2022 அக்டோபரில் 19 சதவீதம் வரை எடுக்கச் சொன்னார்கள், நல்லதுதான். ஆனால் தளர்வு உத்தரவு வரும்வரை நெல் காத்திருக்குமா? அதோடு ஈர நெல்லை வாங்கிக் கிடங்கில் அடுக்கினால் அங்கே சூடேறிப் பழுப்பாகி, கடைசியில் ரேஷன் அரிசியாக நம் தட்டுக்குத்தான் வருகிறது. அதனால் தளர்வு மட்டுமே போதும் என்று சொல்கிற விவசாயச் சங்க நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

டெல்டாவில் மூட்டை அதிகம் வருகிற நிலையங்களுக்காவது நெல்லை உலர்த்தும் டிரையர் இயந்திரம் வையுங்கள். இது ஒன்றும் புது வித்தை இல்லை, அரவை ஆலைகளில் புழுங்கல் நெல்லை உமி எரித்த சூட்டில்தான் காயவைக்கிறார்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கினாலும் கொடுப்போம், இப்போது ரோட்டில் கொட்டுகிற கூலியைவிட அது குறைவாகத்தான் இருக்கும். அறுப்பு தொடங்குவதற்கு முன்பே லாரி ஒப்பந்தமும் சாக்கும் தயாராக இருக்கட்டும். அடுத்த வேளாண் பட்ஜெட்டில் ஊக்கத்தொகையை ஒரு ரூபாய்கூட உயர்த்தாமல் அந்தப் பணத்தை இதற்குத் திருப்பினால் நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஊர் நிலையத்துக்குப் பின்னால் புறம்போக்கு இடம் சும்மா கிடக்கிறது, மின்கம்பமும் பக்கத்திலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு குறுவை விவசாயி,
மன்னார்குடி வட்டம்